வலிக்காமல் எழுத: பேனாவும் பென்சிலும் பிள்ளைகளின் கையும்



கல்வி உதவித்தொகை கேட்டு வரும் பிள்ளைகளை நம் அலுவலகத்திலேயே உட்கார வைத்து, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வது வழக்கம். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான் இதைத் தொடங்கினோம். எப்படி எழுதுகிறார்கள் என்பதை நான் கவனிக்கத் தொடங்கியது பிறகுதான். இந்த முறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் நான்கு வரி எழுதினார், பேனாவைக் கீழே வைத்தார், கையை உதறினார். மறுபடி நான்கு வரி, மறுபடி ஓர் உதறல். கட்டைவிரல் சுட்டுவிரலின் மேலேறி அதை அமுக்கிக் கொண்டிருந்தது. நகம் வெளுத்திருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தால் எழுத்து மறுபக்கம் புடைத்துத் தெரிகிறது.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். பிள்ளை பதில் சொல்வதற்குள் தாயார் முந்திக்கொண்டார்: "எல்லாம் சோம்பேறித்தனம் பாய். டீச்சரும் அதான் சொல்றாங்க." பிள்ளை தலையைக் குனிந்தபடி சொன்னது இதுதான்: "அரையாண்டுல கடைசி ரெண்டு கேள்வி எழுதல சாச்சா. தெரியும். கை வரல."

தெரிந்த விடைக்கு மதிப்பெண் போவது, தெரியாத விடைக்குப் போவதைவிடக் கொடுமை. நம் ஊர்களில் தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கும் தாய் தகப்பனின் கூலியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு கேள்விகள் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதையே மாற்றிவிடலாம். அதனால் இம்மாதப் பாடத்தை எழுதும் கையைப் பற்றியும் அதற்கு உதவும் கருவிகளைப் பற்றியும் அமைத்திருக்கிறேன். முதலில் இறங்கிய வஹீயிலேயே பேனா பேசப்படுகிறது. குர்ஆனின் 68-ஆம் சூராவின் பெயரே பேனா. அந்தப் பேனாவைப் பிடிக்கும் கையை நாம் கவனித்ததே இல்லை என்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலூரில் நடந்த ஒன்று

கைக்கு ஏற்றபடி கருவியை மாற்ற வேண்டும், கருவிக்கு ஏற்றபடி கையை வதைக்கக் கூடாது என்ற பாடத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. அது நம் வேலூரிலேயே படிக்கப்பட்டது.

டாக்டர் பால் பிராண்ட் நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன விரல்களை உடைய ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்துக் கேட்டவருக்கு, அந்தப் பிடியின் வலு தாங்க முடியாத வலியைத் தந்தது. விரல்கள் செத்துவிடவில்லை, சில தசைகளுக்குப் போகும் நரம்புகள்தான் பழுதாகியிருக்கின்றன என்று புரிந்துகொண்டார். நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலில் இணைக்கும் அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தார். உலகம் முழுவதும் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் செய்யப்படும் சீரமைப்பு அறுவைக்கு அது வழிகாட்டியானது.

எனக்கு அறுவையைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் டாக்டர் பிராண்ட் திணறியபோது, தொழுநோய் கண்ட ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. நமக்கெல்லாம் ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் வலி வந்து "போதும்" என்கிறது. அவனுக்கு அந்தக் குரல் இல்லை. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாகவே அழுகி உதிர்கின்றன என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் அன்றாட வேலைகளில் அளவுக்கு மீறிப் போகும் அழுத்தமும் சூடும் சிராய்ப்பும்தான் அந்தக் கைகளைத் தின்றன.

1950-களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்தில் அமைந்த நவஜீவ நிலையத்தில், அறுவை முடிந்தவர்கள் தச்சு வேலை செய்து பொம்மைகள் தயாரித்தார்கள். தினமும் கைகளைப் பார்த்து, புதிய புண் இருந்தால் எந்த வேலையில், எந்தக் கருவியில் வந்தது என்று தேடினார்கள். குறுகலான பிடியும் முரடான பிடியும் மாற்றப்பட்டன. பிடி தடித்து வழவழப்பாக இருந்தால் அழுத்தம் தோலில் பரவிப்போகிறது. மெலிந்து விளிம்போடு இருந்தால் ஓரிடத்தில் குவிகிறது. இந்த ஒரு கணக்குதான் இன்று கடைகளில் "கிரிப்" என்று விளம்பரம் செய்து விற்கப்படும் எல்லாப் பேனாக்களுக்கும் அடிப்படை. 1955-இல் தொடங்கிய காரிகிரி மருத்துவமனையும் இந்த வழியிலேயே தொடர்ந்தது.

இதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி அதற்கான துறையை நடத்தினார். பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். கையால் எழுதவோ உண்ணவோ முடியாமல் போனவர்கள் மீண்டும் அதைப் பழகும் "ஆக்குபேஷனல் தெரபி" என்ற சிகிச்சை இப்படி நமக்குப் பஸ் தூரத்திலேயே கிடைக்கிறது. நம்மில் எத்தனை பேர் பிள்ளையின் கைவலிக்காக அங்கே போயிருக்கிறோம்?

வலி எங்கிருந்து வருகிறது

எழுதும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் பேனாவைப் பிடிக்க, நடுவிரல் கீழிருந்து தாங்குகிறது. மற்ற இரண்டு விரல்களும் மடங்கித் தாளின் மேல் ஓய்ந்திருக்கின்றன. பேனாவை நகர்த்தச் சிறிதளவு பலமே போதும். ஆனால் நாம் இரண்டு இடங்களில் பலத்தை வீணாக்குகிறோம். ஒன்று, பேனாவை நசுக்கிப் பிடிக்கும் பலம். மற்றது, தாளில் குத்தி அழுத்தும் பலம். பேனா மெலிந்து வழுக்கினால் முதலாவது கூடும். மை எளிதில் இறங்காவிட்டால் இரண்டாவது கூடும். இரண்டும் சேர்ந்தால் முன்கைத் தசைகள் மூன்று மணி நேரம் இறுகியே கிடக்கும். வலி விரலில் தெரிந்தாலும் களைப்பது முழங்கைக்குக் கீழே உள்ள தசை. பிள்ளை கையை உதறுவது அதற்காகத்தான்.

மூன்று விரல் பிடிதான் சரி, மற்றதெல்லாம் தவறு என்று சில ஆசிரியர்கள் விரலில் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான்கு விரலால் பிடிக்கும் பிள்ளைகளும் அதே வேகத்தில், அதே தெளிவில் எழுதுகிறார்கள் என்பதே இதை ஆராய்ந்தவர்கள் கண்டது. வலி இல்லாமல், விரல்கள் தாராளமாக அசைந்து எழுதினால் பிடியை விட்டுவிடுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறிப் பூட்டிக்கொண்டு, விரல்கள் அசையாமல் மணிக்கட்டாலும் தோளாலும் எழுதும் பிள்ளைக்குத்தான் உதவி தேவை.

எந்தப் பேனா, எந்தப் பென்சில்

நம் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் இருப்பது பால்பாயிண்ட் பேனா. லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரியப் பத்திரிகையாளர் 1938-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நுனியில் உள்ள சிறு குண்டு தாளில் உருண்டால்தான் மை வரும். அந்த மை எண்ணெய் போலக் கெட்டியானது. ஆகவே அழுத்த வேண்டும், பேனாவையும் ஓரளவு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கசியாது, மலிவு, நாள்பட வரும் என்ற நன்மைகளுக்கு நாம் கொடுக்கும் விலை இந்த அழுத்தம்.

ஊற்றுப் பேனாவுக்கு அழுத்தம் வேண்டியதே இல்லை. நிப்பு தாளைத் தொட்டாலே மை இறங்கும். படுக்கவைத்துப் பிடிக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் சட்டைப் பையெல்லாம் நீலக்கறை, அம்மியிடம் ஏச்சு. ஆனால் இத்தனை பிள்ளைகள் கைவலி சொல்லி நான் கேட்டதில்லை. (அப்போது சொன்னால் யார் கேட்டிருப்பார்கள் என்பது வேறு.) இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஜெல் பேனா. நீரில் கரையும் மை என்பதால் பால்பாயிண்டைவிட இலேசாக ஓடும். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதும், மட்டமான தாளில் ஊறும் என்பதும் அதன் குறைகள். அரசுப் பொதுத்தேர்வு வினாத்தாளிலேயே நீலம் அல்லது கறுப்பு மையால் எழுத வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நிறங்களில் வாங்கினால் போதும்.

அடுத்தது பருமன். மேல்நாடுகளில் இதற்காகவே பேனாக்கள் வந்தன. ஜெர்மனியின் லாமி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட சஃபாரி என்ற ஊற்றுப் பேனா பள்ளி மாணவர்களை நினைத்துச் செய்யப்பட்டது. விரல்கள் தாமாக உரிய இடத்தில் உட்காரும்படி பிடியில் பட்டை வெட்டியிருப்பார்கள். ஜப்பானின் பைலட் நிறுவனம் 1991-இல் டாக்டர் கிரிப் என்ற பேனாவைக் கொண்டுவந்தது. சுமார் 14 மில்லிமீட்டர் பருமன், மேலே மெத்தென்ற ரப்பர். நாம் வாங்கும் சாதாரணப் பேனாவைவிடக் கணிசமாகத் தடிமன். இவையெல்லாம் விலை கூடியவை. இவற்றை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. இவற்றில் உள்ள கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கடைக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். பிடிக்குமிடம் தடித்து, வழுக்காமல், விளிம்பு உறுத்தாமல் இருக்கிறதா என்று அந்தக் கையே சொல்லட்டும். ஐந்து பேனா மொத்தமாக வாங்குவதைவிடப் பொருந்தும் பேனா ஒன்றும் அதற்கு ரீஃபில்களும் வாங்குவது நல்லது. தேர்வு நாளில் மட்டும் புதுப் பேனா வேண்டாம். பழகிய பேனாவே கைக்கு நல்லது.

பெரிய கைக்குப் பெரிய பேனா என்ற கணக்கு அப்படியே சின்னப் பிள்ளைக்குப் பொருந்தாது. எல்.கே.ஜி. பிள்ளைக்கு முழு நீளப் பென்சில் கொடுத்தால் பின்பக்கக் கனம் இழுக்கிறது. விரல் நீளத்துக்குத் தேய்ந்த துண்டுப் பென்சிலை அது அழகாகப் பிடிக்கும். நாம்தான் "புதுசு வாங்கித் தரேன்" என்று அதைத் தூக்கி எறிகிறோம். சாதாரணப் பென்சில் சுமார் 7 மில்லிமீட்டர், தடித்த பென்சில் சுமார் 10. மூன்று பட்டைப் பென்சில் விரல்கள் மூன்றுக்கும் தனித்தனிச் சுவர் தருவதால் சுழலாது, மேசையிலிருந்து உருண்டு விழாது. அழுத்தி எழுதும் பிள்ளைக்கு ஹெச்.பி.க்குப் பதில் 2பி வாங்கிக் கொடுங்கள். முனை மென்மையானது, தொட்டாலே கறுப்பாக விழும். அதிகம் சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பொருளில் ஒரு பிடி

பேனாவில் மாட்டும் ரப்பர் பிடிகள் ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் நம் ஆம்பூரில் வெட்டுத் துண்டுத் தோலுக்கா பஞ்சம்! ஷூவுக்கு மேல்தோல் வெட்டும்போது மிஞ்சுவதில் இரண்டு விரல் அகலப் பட்டை ஒன்று போதும். நம் அலுவலகத்தில் சில செய்து பார்த்தோம். தோல் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து கற்றுக் கொடுத்தார். பட்டையின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, உட்புறம் (சதைப்பக்கம்) வெளியே தெரியும்படி சுற்றச் சொன்னார். எல்லோரும் பளபளப்பான பக்கத்தைத்தான் வெளியே வைக்கப் பார்த்தோம். "அது அழகு, இது பிடிப்பு" என்றார். வியர்க்கும் கைக்கு அந்தச் சொரசொரப்புதான் வழுக்காமல் நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பென்சிலைக் கடிக்கும் சிறு பிள்ளைகளுக்குக் குரோம் போட்டுப் பதனிட்ட தோலைச் சுற்ற வேண்டாம். மரப்பட்டையில் பதனிட்ட லைனிங் தோல் கிடைத்தால் பாருங்கள், அதையும் வாயில் வைக்கும் வயதுக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டினால் போதும், அழுக்கானால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, ஷூ ஒட்டும் சொல்யூஷனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அதன் வாடையே நஞ்சு. நூலால் தைத்துவிடுங்கள்.

உட்காரும் இடமும் தாளும்

பேனாவை மாற்றியும் வலி போகவில்லை என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய் என்பது. கட்டிலில் குப்புறப்படுத்து என்றுதான் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் வேறு இடம் இல்லை என்பதும் தெரியும். மேசை நாற்காலி இல்லாத வீட்டில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் தாழ்வான பலகை போட்டு எழுதலாம். பழைய மண்டிகளில் கணக்கர்கள் அப்படிச் சாய்வான பெட்டியின் மேல் வைத்துத்தான் நாள் முழுதும் பேரேடு எழுதினார்கள். சாய்வு இருந்தால் மணிக்கட்டு இயல்பாகச் சற்றுப் பின்னுக்கு வளைந்து நிற்கும், கழுத்தும் குனியாது. தடித்த ஃபைல் ஒன்றைப் பலகையின் மேல் முனைக்கு அடியில் செருகினாலே அந்தச் சாய்வு கிடைத்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படட்டும். தொங்கும் காலோடு எழுதும் பிள்ளை கையால் தன்னைத் தாங்கிக்கொள்கிறது.

தமிழும் ஆங்கிலமும் வலக்கையால் எழுதும்போது தாளை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். இடக்கைக்காரருக்கு இதற்கு நேர்மாறு. உருது மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஒரே நாளில் இரண்டு திசையில் எழுதுகிறார்கள். உருது வலமிருந்து இடம் போவதால், இப்போதுதான் எழுதிய ஈர எழுத்தின் மேலேயே வலக்கை வந்து உட்காருகிறது. கறைபடாமல் இருக்கக் கையைத் தூக்கிக்கொண்டே எழுதுகிறார்கள், தோள் வலிக்கிறது. பழைய காத்திபுகளைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். கையை வரிக்குக் கீழே வைப்பார்கள், ஒருபோதும் வரியின் மேல் வைப்பதில்லை. 1927-இல் தொடங்கிச் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து வெளிவந்த 'முசல்மான்' உருது நாளிதழ் பல பத்தாண்டுகள் முழுக்கக் கையாலேயே எழுதப்பட்டது. ஒரு பக்கம் எழுத ஒரு காத்திபுக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பார்கள். நம் பிள்ளைகளின் தேர்வும் அதே மூன்று மணி நேரம்தான். நாணலில் சீவிய கலம் இயல்பிலேயே விரலுக்குத் தடிமனாக இருக்கும், சாய்வாக வெட்டிய முனைக்கு அழுத்தமும் வேண்டாம். மதரஸாவில் ஹஜ்ரத் எனக்குக் கலம் பிடிக்கக் கற்றுத் தந்தபோது, என் கையிலிருந்து அதைச் சட்டென்று உருவிப் பார்ப்பார். உருவ வராவிட்டால் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று பொருள். இன்றும் பிள்ளைகளிடம் அந்தச் சோதனையைத்தான் செய்கிறேன்.

இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்பதும் கொடுப்பதும் வலக்கையால் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம், அதைப் பிள்ளைக்கு அன்பாகப் பழக்குங்கள். எழுதும் கையை அந்தக் கணக்கில் சேர்த்து அடித்துத் திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. வற்புறுத்தி மாற்றப்பட்ட கை பல ஆண்டுகள் கழித்தும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மார்க்க விளக்கம் வேண்டுவோர் தங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சோம்பேறித்தனம் அல்லாத ஒன்று

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தோல் பதனிடுவோரின் நோய்களும் அதில் உண்டு. 1713-இல் அதை விரிவாக்கியபோது எழுத்தர்களைப் பற்றியும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை எப்போதும் ஒரே திசையில் அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வரக் கூடாதே என்ற மன உளைச்சல் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். வாழ்நாளெல்லாம் எழுதியே பிழைத்த ஒரு பத்திர எழுத்தருக்கு வலக்கை சோர்ந்து முடங்கிப்போனதாம். அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அதற்கும் அதே கதி.

இது அழுத்திப் பிடிப்பதால் வரும் சாதாரண வலி அல்ல. எழுதத் தொடங்கினால் மட்டும் விரல்கள் தானாக இறுகி முறுக்கிக்கொள்ளும், மற்ற வேலைகளில் கை நன்றாகவே இருக்கும். "ரைட்டர்ஸ் கிராம்ப்" என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இது மூளை நரம்பு சார்ந்த கோளாறு. தடித்த பேனா சிலருக்குச் சற்று உதவும், குணமாக்காது. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோளாறு உள்ள ஒருவர்தான் உச்சநீதிமன்றம் வரை போய் நம் பிள்ளைகளுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தார். விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி. என்ற வழக்கு அது. மருத்துவம் படித்தவர், குடிமைப் பணித் தேர்வு எழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீத ஊனச் சான்று உள்ள குறிப்பிட்ட வகையினருக்கே தருவோம் என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பில் நீதிமன்றம், சதவீதத்தைக் காட்டி உதவியாளரை மறுக்க முடியாது என்று சொல்லி, உரிய வழிகாட்டுதலை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதன்படி 2022 ஆகஸ்ட் 10 அன்று வழிகாட்டுதல் வந்தது. 40 சதவீதத்துக்குக் குறைந்த குறைபாடு இருந்தாலும், அதனால் எழுத முடியவில்லை என்று மருத்துவக் குழு சான்றளித்தால், எழுத உதவியாளரோ, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமோ கிடைக்கும் என்று அது சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். அந்தச் சான்று தனியார் கிளினிக்கில் வாங்குவது அல்ல. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலரைத் தலைவராகக் கொண்ட குழு தர வேண்டும் என்றது அந்த வழிகாட்டுதல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. எழுதுவதில் மட்டும் தடுமாறும் கற்றல் குறைபாடும், தொழுநோயிலிருந்து குணமானவர்களின் கை கால் பாதிப்பும் அதில் அடங்கும்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இப்படிப்பட்ட சலுகைகளைப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் கேட்க வேண்டும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஓடினால் நடக்காது. மருத்துவச் சான்றுக்கே பல நடை நடக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் "இதெல்லாம் கண் தெரியாதவங்களுக்குத்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதைவிட, கையில் ஆணையின் நகல் இல்லாமல் போன என்னைத்தான் குறை சொல்ல வேண்டும். இப்போது நகல் நம் அலுவலகத்தில் இருக்கிறது.

இன்னொரு கையையும் கவனியுங்கள். வலிக்காத கை. பென்சில் அடிக்கடி நழுவி விழுகிறது, சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் உணர்வு மழுங்கியிருக்கிறது, அந்த இரு விரல்களும் மடங்கத் தொடங்குகின்றன, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உள்ள சதை குழிவிழுகிறது, தோலில் எங்காவது உணர்வில்லாத வெளிறிய படை இருக்கிறது என்றால் பேனா கடைக்குப் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அது தொழுநோயாக இருந்தால் கூட்டு மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். நாள் கடத்தினால் நரம்பு போய்விடும், போன நரம்பு திரும்பாது. சம்பந்தம் பேசும் வீட்டில் பேர் கெட்டுவிடும் என்று மறைத்து வைத்துக் கை மடங்கிப் போனவர்கள் நம் சமுதாயத்திலும் இருந்திருக்கிறார்கள். காலை நேரத்தில் மூட்டுகள் வீங்கி விறைத்திருந்தாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவிக்கு ஜெல் பேனா ஒன்றில் தோல் பட்டை சுற்றிக் கொடுத்தோம். தாளைச் சாய்த்து வைக்கவும், ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு விரல்களை விரித்து மூச்சு விடவும் சொன்னோம். மூன்று வாரம் கழித்துத் தாயாரோடு வந்தார். முதல் ஒரு மணி நேரம் வலி இல்லையாம். இரண்டாம் மணி நேரத்தில் வருகிறதாம். ஆகவே பேனாவோடு முடியும் விஷயம் இது இல்லை என்று தோன்றுகிறது. மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் காட்ட நாள் வாங்கியிருக்கிறோம். செலவை அறக்கட்டளை ஏற்கும். தாயார் வீட்டிலேயே ஷூவுக்குக் கைத்தையல் போடுபவர். புறப்படும்போது தன் கையையும் நீட்டிக் காட்டி, "எனக்கும் ராத்திரியில இந்த விரல் மரத்துப் போகுது பாய், அதுக்கும் அங்க பார்ப்பாங்களா?" என்று கேட்டார். இருவருக்கும் சேர்த்தே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறுதோறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பல பருமனில் பேனா, பென்சில், தோல் பிடிகள் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் பிள்ளைகள் எழுதிப் பார்க்கலாம். தேர்வுச் சலுகை கேட்க வேண்டியவர்கள் மருத்துவச் சீட்டுகளின் நகலையும், பிள்ளை கடைசியாக எழுதிய தேர்வு விடைத்தாளையும் கொண்டு வாருங்கள். முதல் பக்கத்து எழுத்தும் கடைசிப் பக்கத்து எழுத்தும் எப்படி மாறியிருக்கின்றன என்று மருத்துவரிடம் காட்ட அது உதவும்.